‘நீங்க உட்காருங்கம்மா’ என்று இனிச் சொல்ல மாட்டேன்

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். மாசாயிலிருந்து ஜொகூர் பாரு போய், கடற்பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் உள்ள அலுவலகத்துக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஜொகூரில் எத்தனையோ குடும்பங்களின் அன்றாடம் இதுதான். கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. இடையில் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் நம் அம்மா அப்பாதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை. சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது.

“பதறாத. அம்மா பின்னால துணி துவைக்கிற எடத்துல விழுந்துட்டாங்க. எழுந்து உட்கார வச்சிட்டேன். கைதான் வீங்கிப் போயிருக்கு.”

வரிசையை விட்டு வெளியே வந்து, வந்த வழியே திரும்பினேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மாவுக்கு அப்போது 73 வயது. இடுப்பு எலும்பு தப்பியதே என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் சாமிக்கு விளக்கேற்றினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அன்பினால் போட்ட தடை

அம்மா இனி எதையும் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம். துணி துவைக்க வேண்டாம். வாசல் கூட்ட வேண்டாம். மூலைக் கடைக்கு நடந்து போக வேண்டாம். சாப்பாட்டைக்கூட நாற்காலிக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கொஞ்சம் எழுந்தால் போதும், “நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்று நானோ, என் கணவரோ, படிவம் மூன்றில் படிக்கும் என் மகனோ ஓடிப் போவோம். சிகாமட்டில் இருக்கும் அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்து, “அம்மாவ நடமாட விடாதீங்க” என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் இந்தத் தடை நீங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கண் முன்னாலேயே, அம்மா மறுபடியும் விழுந்தார். ஈரமே இல்லாத வரவேற்பறை. விளக்கு எரிகிறது. தரையில் ஒரு பொருள் கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி வைத்தார். கால் மடங்கியது. என் கணவர் தாங்கிப் பிடித்ததால் அடிபடவில்லை.

முதல் முறை விழுந்தபோது ஈரத்தின் மேல் பழி போட்டோம். இரண்டாவது முறை பழி போட ஒன்றும் இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய வீழ்ச்சி என்று புரியும். கூலாய் வட்டாரத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமான நிரைகளில் மரத்துக்கு மரம் நடந்து, நிறைந்த பால்வாளியைச் சுமந்து வந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை விட்டு எல்லாரும் தாமானுக்கு வந்த பிறகும் அவர் சும்மா இருந்ததில்லை. அந்தக் கால்கள் மூன்று மாதத்தில் நாற்காலியிலிருந்து எழத் திணறின.

முப்பது வினாடிச் சோதனை

மருத்துவமனையில் எங்களுக்கு வழிகாட்டியவர் ஓர் இளம் மலாய்ப் பெண், இயன்முறை சிகிச்சையாளர். அம்மாவை ‘அம்மா’ என்றேதான் கூப்பிட்டார். விழுந்த கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல், முப்பது வினாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடியும் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

அம்மா ஐந்து முறை எழுந்தார். ஐந்தாவது முறை மூச்சு வாங்கியது.

விழும் ஆபத்தை அளப்பதற்காக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டிருக்கும் கணக்குப்படி, 70 முதல் 79 வயதுவரை உள்ள பெண்கள் குறைந்தது 10 முறை எழ வேண்டும். ஆண்களுக்கு 70 முதல் 74 வரை 12, 75 முதல் 79 வரை 11. அதற்குக் குறைந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம்.

“வீட்டில் அம்மா என்ன வேலை செய்கிறார்?” என்று அந்தப் பெண் கேட்டார். “ஒன்றும் செய்ய விடுவதில்லை” என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “காலுக்கு வேலை இல்லையென்றால் தசை கரைந்துவிடும். தசை கரைந்தால் மறுபடி விழுவார். விழுந்தால் இன்னும் பயப்படுவார், இன்னும் உட்காருவார். நீங்கள் அம்மாவைப் பாதுகாக்கவில்லை, அடுத்த விழுகைக்குத் தயார் செய்கிறீர்கள்” என்றார்.

கேட்கக் கசப்பாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை.

ஏன் விழுகிறார்கள்?

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. கண், உட்காது, பாதம். அந்தத் தகவலைக் கேட்டு உடம்பை நிமிர்த்திப் பிடிப்பவை கால், இடுப்புத் தசைகள். வயதாகும்போது கண்ணில் புரை வளரும், உட்காது மந்தமாகும், பாதத்தின் உணர்வு குறையும், தசை மெலியும். கால் இடறுவது எல்லா வயதிலும் நடப்பதுதான். இளையவர்கள் சட்டென்று ஒரு காலை முன்னால் வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். முதியவர்களுக்கு அந்த ஓர் அடியை வேகமாக எடுத்து வைக்கக் காலில் பலம் இருப்பதில்லை.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் பெரிய இனங்களில் இதுவே அதிகம். நீண்ட நாள் நீரிழிவு பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். தரையில் கால் எப்படிப் பதிகிறது என்பதே தெரியாமல் நடக்க வேண்டிவரும். என் அம்மாவுக்கும் பதினைந்து ஆண்டுகளாக ‘இனிப்பு நீர்’ உண்டு.

2018ஆம் ஆண்டு முதியோர்களிடையே நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 14.1 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர், ஓராண்டுக்குள் விழுந்ததாகத் தெரியவந்தது. உலக அளவில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

நியூசிலாந்திலிருந்து வந்த பயிற்சி

அந்தப் பெண் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளுக்கு ‘ஒட்டாகோ பயிற்சித் திட்டம்’ என்று பெயர். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் இருக்கும் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கேம்பல், கிளேர் ராபர்ட்சன் ஆகியோர் அடங்கிய குழு உருவாக்கியது.

அவர்களுடைய முதல் ஆய்வு 1997இல் வெளிவந்தது. பங்கேற்ற 233 பேரும் 80 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள், அனைவரும் பெண்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சிகிச்சையாளர் முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை வீட்டுக்கே போய்ப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பிறகு அவர்களே வீட்டில் செய்துவந்தார்கள். ஓராண்டு முடிவில் பயிற்சி செய்யாத பாதியில் 152 முறை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்த பாதியில் 88 முறை. பின்னர் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது 35 விழுக்காடு குறைந்திருந்தது.

ஜிம் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். ஓர் உறுதியான நாற்காலி, பிடித்துக்கொள்ளச் சமையல் மேடை, கணுக்காலில் கட்டும் எடைப்பட்டை, இவை போதும். எடைப்பட்டைகூட முதல் வாரத்திலேயே தேவையில்லை.

2019இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, 25 நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த 108 ஆய்வுகளை ஒன்றாக அலசியது. உடற்பயிற்சி விழுவதை 23 விழுக்காடு குறைக்கிறது என்பது அதன் முடிவு. சமநிலைப் பயிற்சியோடு தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடுகிறது. வெறும் நடை மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. “அப்பா தினமும் பூங்காவில் நடக்கிறார், அது போதும்” என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. விழாமல் இருக்க அதற்கு மேலும் வேண்டும்.

அம்மா செய்யும் பயிற்சிகள்

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். இடையில் ஒரு நாளாவது ஓய்வு. செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போகும் நாள் என்பதால் அம்மா மறுத்துவிட்டார். திங்கள், வியாழன், சனி என்று முடிவானது. முதலில் ஐந்து நிமிடம் கழுத்து, தோள், கணுக்கால் ஆகியவற்றை மெல்ல அசைத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்.

பலத்துக்கு ஐந்து:

ஒன்று, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மெல்ல இறக்குவது. தொடையின் முன்தசைக்கு இது. காலுக்குப் பத்து முறை.

இரண்டு, சமையல் மேடையைப் பிடித்து நின்று, குதிகாலைப் பின்னால் பிட்டத்தை நோக்கித் தூக்கி இறக்குவது. பத்து முறை.

மூன்று, அதே இடத்தில் பக்கவாட்டாக நின்று, காலை வெளிப்பக்கம் தூக்கி இறக்குவது. இடுப்பின் பக்கத் தசைக்கு. நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாயாமல் பிடிப்பது இந்தத் தசைதான். பத்து முறை.

நான்கு, இரண்டு குதிகாலையும் தூக்கி முன்பாதத்தில் நின்று இறங்குவது. பத்தில் தொடங்கி இருபது வரை.

ஐந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்குவது. கால்விரல் தரையில் தட்டி இடறாமல் இருக்க இது உதவும். இதுவும் பத்து முதல் இருபது.

அடுத்து சமநிலைக்கு: முழங்காலைச் சற்று மடக்கி நிமிர்வது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, எட்டுப் போடுவதுபோல் வளைந்து திரும்பி நடப்பது, ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் மறு பாதத்தின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் பத்து வினாடி நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது. கடைசியாக நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது.

எல்லாவற்றையும் முதல் நாளே செய்யவில்லை. முதல் வாரத்தில் நான்கு பயிற்சிதான். சிகிச்சையாளர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். “பெலான்-பெலான்” என்பார். மெல்ல மெல்ல.

இங்கே முக்கியமான ஒன்று. பயிற்சி சுலபமாகிவிட்டால் அதே அளவில் நிற்கக்கூடாது. இரண்டு கையால் மேடையைப் பிடித்தவர் ஒரு கையால் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு விரல். பிறகு பிடிக்காமல், ஆனால் மேடைக்குப் பக்கத்திலேயே. பத்து முறை தடுமாறாமல் செய்ய முடிந்தால் எடைப்பட்டையைக் கட்டி, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கொஞ்சம் கடினமாக இருந்தால்தான் தசை வளரும்.

இவை தவிர வாரத்தில் இரண்டு நாளாவது அரை மணி நேர நடை. ஒரே மூச்சில் முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

யார் பக்கத்தில் நிற்பது?

எங்களைப் போன்ற வீடுகளில் இதுதான் பெரிய கேள்வி. நான் சிங்கப்பூரில், கணவர் லாரியில். சொல்லிக் கொடுத்ததைத் தனியாகச் செய்ய அம்மாவுக்குப் பயம். கடைசியில் இந்த வேலையை ஏற்றுக்கொண்டவன் என் மகன். பள்ளி விட்டு வந்து சாப்பிட்டதும், மின்னல் பண்பலையில் பாட்டை வைத்துவிட்டு, “பாட்டி, வாங்க” என்பான். முதல் ஒரு மாதம் அம்மாவுக்கு ஒரே வெட்கம். “இந்த வயசுல என்னய்யா இது, ஒத்தக் கால்ல நிக்கிற கொக்கு மாதிரி” என்று சிரிப்பார். அவனும் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பான். யார் அதிக நேரம் நிற்பது என்று போட்டி வைப்பான். வேண்டுமென்றே தோற்பான்.

அவனுக்குச் சிகிச்சையாளர் சொன்ன பாடம் இது: பிடித்துத் தூக்காதே, கையை இழுக்காதே. ஓர் எட்டுப் பக்கத்தில் நில். தடுமாறினால் இடுப்பைத் தாங்கு. மற்றபடி அவரே செய்யட்டும்.

சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் பயிற்சி செய்த நாளுக்கு அம்மா ஒரு வட்டம் போடுவார். வேலை முடிந்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த வட்டத்தைத்தான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வட்டமே இல்லை. பலகாரம் சுடும் வேலை. மறுபடி தொடங்கியபோது ஒற்றைக் கால் நிற்கும் நேரம் குறைந்திருந்தது. விட்டால் பலன் போய்விடும் என்பதை அம்மாவே அன்று கண்டுகொண்டார்.

நம் நாட்டு ஆய்வு சொல்வது

மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், 65 வயதைத் தாண்டிய 268 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் முந்தைய ஓராண்டில் இரண்டு முறையாவது விழுந்தவர்கள், அல்லது ஒரு முறை விழுந்து அடிபட்டவர்கள். ஒரு பகுதியினருக்கு ஒட்டாகோ பயிற்சி, வீட்டில் மாற்றங்கள், கண், இதயம், மருந்து எனத் தேவைக்கேற்ப உதவிகள் தரப்பட்டன. 2018இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் மறுபடி விழுவது குறிப்பிடும்படி குறையவில்லை.

இதைப் படித்தபோது மனம் சோர்ந்துவிட்டது. பிறகு ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தின் லிண்டி கிளெம்சன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். அதிலும் ஏற்கெனவே விழுந்தவர்கள்தான், 70 வயதைத் தாண்டியவர்கள், 317 பேர். அங்கே தனியாக நேரம் ஒதுக்காமல், அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சியை நுழைத்தார்கள். அந்த முறையைப் பின்பற்றியவர்கள் விழுவது 31 விழுக்காடு குறைந்தது.

இரண்டு நாடு, இரண்டு முறை. நேராக ஒப்பிடுவது சரியாகாது. ஆனால் ஒரு குடும்பப் பெண்ணாக நான் எடுத்துக்கொண்ட பாடம் உண்டு. பயிற்சித் தாளை வாங்கி வந்து அலமாரியில் வைத்தால் போதாது, அது வீட்டுப் பழக்கமாக வேண்டும். விழும்வரை காத்திருக்கவும் கூடாது.

அதனால் பயிற்சி இல்லாத நாளிலும் அம்மா சும்மா இருப்பதில்லை. பல் துலக்கும்போது ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை வைத்து நிற்பார். தேநீர்த் தண்ணீர் கொதிக்கும்வரை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வந்தால் கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவார். சமையலறையிலிருந்து சாமி மேடைக்குப் பக்கவாட்டில் நடந்து போவார். முதல் முறை பார்த்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் பயந்தே போனார்.

கவனிக்க வேண்டியவை

எலும்பு முறிவு, பக்கவாதம், இதய நோய் உள்ளவர்களும், அடிக்கடி மயக்கம் வருபவர்களும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் சோதனைக்குப் போகும்போது, “விழுந்தேன்” என்று மறைக்காமல் சொன்னால் இயன்முறை சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான முதியவர்கள் சொல்வதில்லை. பிள்ளைகள் இன்னும் கட்டிப்போடுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

பயிற்சியின்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், கடும் மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். முதல் சில நாள் தொடையில் லேசான வலி இருப்பது இயல்பு.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது வழுக்கும், வளையும். கனமான மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். காலுறையோடு, தளர்ந்த சிலிப்பரோடு செய்யக்கூடாது. நீளமான நைட்டியும் தரையைத் தொடும் கைலியும் காலில் சிக்கும்.

தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை சிலருக்குத் தள்ளாட்டம் தரும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடமோ மருந்தகரிடமோ சொல்ல வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டையும் பார்த்தோம். துணி துவைக்கும் இடத்துக்கும் குளியலறைக்கும் கைப்பிடி போட்டோம், பாசியைத் தேய்த்து எடுத்தோம், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு வைத்தோம், சுருண்டிருந்த கால்மிதியைத் தூக்கி எறிந்தோம்.

விழுந்தால் எப்படி எழுவது என்பதையும் அம்மா கற்றுக்கொண்டார். அவசரப்பட்டு எழக்கூடாது. அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வலி கடுமையாக இல்லாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து ஒரு கனமான நாற்காலிக்குப் போக வேண்டும். இருக்கையில் இரு கையையும் ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். எழ முடியாவிட்டால் அசையாமல் உதவிக்கு அழைக்க வேண்டும். அம்மாவின் கைப்பேசி இப்போது கழுத்தில் தொங்கும் சிறு பையில் இருக்கிறது. என் எண்ணும், பக்கத்து வீட்டு அக்கா எண்ணும், 999உம் அதில் முதலில் இருக்கின்றன.

பன்னிரண்டு

நான்காவது மாதம் சோதனை செய்தபோது அம்மா முப்பது வினாடியில் ஒன்பது முறை எழுந்தார். ஓராண்டு முடிவில் பன்னிரண்டு. இடையில் ஒரு முறை வாசலில் கால் இடறியது. ஆனால் விழவில்லை. சட்டென்று ஓர் அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். “காலு தானா போய் நின்னுச்சு பாப்பா” என்று அன்று இரவு மூன்று முறை சொன்னார். இனி விழவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் உறுதி தர முடியாது. ஆனால் பயந்து பயந்து சுவரைத் தடவி நடந்தவர் இன்று மூலைக் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருகிறார்.

இந்தப் பொங்கலுக்கு முதல் நாள், வாசலில் குனிந்து கோலம் போட ஆரம்பித்தார். வாய் வரை வந்துவிட்டது, “நீங்க உட்காருங்கம்மா.” அடக்கிக்கொண்டு, கோலமாவு டப்பாவை நகர்த்திக் கொடுத்துவிட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். அம்மாவையோ அப்பாவையோ சுவரோரம் ஒரு நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு, முப்பது வினாடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் திட்டாதீர்கள், பயமுறுத்தாதீர்கள். அடுத்த முறை கிளினிக்கு போகும்போது கூடவே போய்க் கேளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா எட்டிப் பார்த்து, “என்ன எழுதுற?” என்றார். “உங்களப் பத்தித்தாம்மா” என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி நடந்தபடி சொன்னார்:

“நாளைக்குத் திங்கக்கெழம. தம்பிகிட்ட நாற்காலிய சுவரோரம் போட்டு வைக்கச் சொல்லு.”